சிறுநீர் டியூபில் குடியேறும் கிருமிப் படை!

வீட்டில் டியூப் போட்ட நோயாளி இருந்தால் கவனிக்க வேண்டியவை

(நமது நிருபர்)

பூதிகோட்டை என்றால் ஹைதர் அலி பிறந்த ஊர் என்பார்கள். வெள்ளைக்காரனைப் போர்க்களத்தில் திணறடித்த அந்த மாவீரர், வாளுக்கோ பீரங்கிக்கோ பலியாகவில்லை. முதுகில் கிளம்பிய ராஜபிளவைதான் அவரைச் சாய்த்தது என்று வரலாறு சொல்கிறது. 1782 டிசம்பரில், சித்தூர் அருகே பாசறையிலேயே உயிர் பிரிந்தது. ராஜபிளவை என்பது கிருமிகள் தோலுக்கு அடியில் கூடிக் கட்டும் சீழ்க்கட்டு.

இன்று அதே பூதிகோட்டைக்கும் சுற்றியுள்ள கிராமங்களுக்கும் வேறொரு கிருமிப் படை வந்து இறங்குகிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும் நோயாளியோடு கூடவே வருகிறது. அது ஏறி வரும் வாகனம் ஒரு ரப்பர் குழாய்.

சிறுநீர் கழிக்க முடியாதவர்களுக்கு டாக்டர்கள் செருகி அனுப்புகிறார்களே, அந்த டியூப்தான். இங்கிலீஷில் கதீட்டர். நம் ஜனங்களுக்கு 'யூரின் டியூப்'.

யாருக்கு இந்த டியூப்?

கோலார் தங்கவயல் சுரங்கம் 2001-ல் மூடப்பட்டபோது நடுத்தர வயதில் இருந்தவர்கள், இன்று எழுபதையும் எழுபத்தைந்தையும் தொட்டுவிட்டார்கள். அந்த வயதில் ஆண்களுக்கு வரும் தொல்லைகளில் முக்கியமானது புராஸ்டேட் வீக்கம். சிறுநீர்ப் பைக்குக் கீழே உள்ள அந்தச் சுரப்பி பருத்து, வழியை நெருக்குகிறது. ஒருநாள் ராத்திரி அடியோடு அடைத்துக்கொள்கிறது. வயிறு உப்பி, மனிதர் துடித்துப்போவார். டியூபைச் செருகியதும் ஒரே நிமிடத்தில் நிம்மதி. அந்த நேரத்தில் அது உயிர் காக்கும் குழாய். அதில் சந்தேகமே இல்லை.

இன்னொரு கூட்டமும் உண்டு. பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய், சாரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டு அடிபட்ட இளைஞர்கள். பக்கவாதம் வந்து படுத்தவர்கள். இடுப்பு எலும்பு முறிந்த பாட்டிமார்கள்.

தங்கவயலில் கம்பெனி ஆஸ்பத்திரி நடந்த காலத்தில், தொழிலாளி குடும்பத்துக்கு வைத்தியம் வாசலிலேயே கிடைத்தது. சுரங்கத்தோடு அதுவும் பூட்டப்பட்டது. 2021-ல் கொரோனா இரண்டாம் அலை அடித்தபோது, தொண்டர்கள் சேர்ந்து அந்தப் பழைய கட்டடத்தைக் கூட்டித் துடைத்ததை நம்மவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இப்போது பெரிய வைத்தியத்துக்குக் கோலார், பெங்களூர், வேலூர் என்று மூன்று திசைக்கும் ஓட வேண்டியிருக்கிறது. அங்கே டியூப் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். அப்புறம் அதைப் பார்த்துக்கொள்வது யார்? மகன் விடிவதற்கு முன்பே மாரிகுப்பத்திலிருந்து வரும் ரயிலைப் பிடித்து பெங்களூர் போய்விடுகிறான். பகல் முழுவதும் பொறுப்பு மனைவி மேலோ, மருமகள் மேலோதான்.

"பையில மணலு வருது, தம்பி!"

சுரங்கத்தில் மரம் முட்டுக் கொடுக்கும் வேலை பார்த்து ஓய்ந்த பெரியவர் ஒருவர் பூதிகோட்டைப் பக்கம் இருக்கிறார். மூன்று மாதமாக டியூப். அவர் மனைவி என்னிடம் சொன்னார்: "பையில மணலு மணலா வருது, தம்பி. நாத்தம் தாங்கல. போன வாரம் ராத்திரி அடைச்சிக்கிச்சி. ஆட்டோ புடிச்சி பங்காருப்பேட்டைக்குத் தூக்கிட்டு ஓடினோம்."

டியூபை எப்போது போட்டார்கள் என்று கேட்டேன். தேதி தெரியவில்லை. எப்போது மாற்றச் சொன்னார்கள்? சொல்லவில்லை. பையைத் தரையில் வைக்கலாமா என்று யாராவது சொன்னார்களா? அதுவும் இல்லை. டிஸ்சார்ஜ் சீட்டில் இருந்தது மாத்திரைப் பட்டியல் மட்டும். குழாயைச் செருகி அனுப்பும் ஆஸ்பத்திரி, குழாயைப் பற்றி நாலு வார்த்தை எழுதித் தரக்கூடாதா?

அந்தப் பெரியம்மா சொன்ன மணலுக்கும் நாற்றத்துக்கும் காரணம் உண்டு.

குழாய்க்குள் நடப்பது என்ன?

தண்ணீர் டிரம்மை நாலு நாள் கழுவாமல் விட்டால், உட்புறம் கை வைத்தால் வழுக்குகிறது அல்லவா? கசிவு நீர் ஓடும் மரத்திலும் குழாயிலும் இதே வழுவழுப்பைச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்கள் தடவிப் பார்த்திருப்பார்கள். காலையில் எழுந்ததும் பல்லில் நாக்கை ஓட்டினால் தெரியும் படிவும் இதே ஜாதிதான். 1683-ல் ஹாலந்து நாட்டு லீவன்ஹுக், தன் பல்லில் சுரண்டிய அந்த மாவை உருப்பெருக்கிக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தார். அதில் உயிர்கள் நெளிந்தன!

டாக்டர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் 'பயோஃபிலிம்'. கிருமிப் படலம் என்று நாம் சொல்லலாம். கிருமிகள் தனித்தனியாக நீந்தித் திரிவதைவிட எதிலாவது ஒட்டிக் கூட்டமாக வாழ்வதையே விரும்புகின்றன என்பதை 1970-களில் விளக்கி எழுதியவர்களில் முக்கியமானவர் கனடாவைச் சேர்ந்த பில் காஸ்டர்டன்.

டியூப் உடம்புக்குள் போனதும் சிறுநீரில் உள்ள புரதமும் உப்பும் அதன் மேல் மெல்லப் படிகின்றன. பசை தடவிய சுவர் தயார். தோலிலிருந்தோ, குடலிலிருந்தோ, கை வழியாகவோ வந்த நாலு கிருமிகள் அதில் ஒட்டுகின்றன. ஒட்டியதும் தம்மைச் சுற்றி ஒரு கோந்தைச் சுரந்துகொள்கின்றன. அந்தக் கோந்துக்குள் பெருகிப் பெருகி, ஒரு காலனியே எழும்பிவிடுகிறது. லைன் வீடு மாதிரி சுவரோடு சுவர் ஒட்டிய குடியிருப்பு! நடுவே தண்ணீரும் உணவும் ஓடச் சந்துகூட விட்டுக் கட்டுகின்றன.

இந்தக் கோட்டைக்குள் மருந்து சரியாகப் போய்ச் சேராது. அடியில் கிடக்கும் கிருமிகள் அரைத் தூக்கத்தில் இருப்பதால், வளரும் கிருமியைத் தாக்கும் மருந்து அவற்றைத் தொடுவதில்லை. சாதாரணக் கிருமியைக் கொல்லப் போதுமான அளவைப்போல் 1,000 மடங்குக்கு மேல் மருந்து தேவைப்படலாம் என்கிறார்கள். அவ்வளவு மருந்தை மனிதனுக்குக் கொடுக்க முடியாது. ஆகையால் மாத்திரை தின்னும்வரை ஜுரம் அடங்கும். நிறுத்தியதும் மறுபடி வரும்.

மணல் எங்கிருந்து வருகிறது? புரோட்டியஸ் என்று ஒரு கிருமி. சிறுநீரில் உள்ள யூரியாவை உடைத்து அம்மோனியாவாக மாற்றும். அதனால்தான் அந்த நாற்றம். அம்மோனியா கூடினால் சிறுநீரில் காரத்தன்மை ஏறுகிறது. கரைந்திருந்த மக்னீசியமும் கால்சியமும் பாஸ்பேட் உப்பாக உறைந்து டியூபின் உட்சுவரில் படிகின்றன. வெந்நீர்ப் பாத்திரத்தில் உப்பு கட்டுவதுபோல! கடைசியில் ஓட்டை அடைத்துக்கொள்கிறது. சிறுநீர் மேலே சிறுநீரகம்வரை எதிர்த்து ஏறினால் ஆபத்து. கிருமி ரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து. மணல் வருவதைப் பார்த்த உடனே டாக்டரிடம் காட்டி டியூபை மாற்றினால் நடுராத்திரி ஓட்டத்தைத் தவிர்க்கலாம். மாற்றிய பிறகும் சீக்கிரம் சீக்கிரமாக அடைத்தால், சிறுநீர்ப் பையில் கல் இருக்கிறதா என்று ஸ்கேன் செய்து பார்க்கச் சொல்ல வேண்டும்.

பழைய கதை

உள்ளே பலூன் வைத்து நழுவாமல் நிற்கும் டியூபை 1930-களில் உருவாக்கியவர் அமெரிக்க டாக்டர் ஃபோலி. இன்றும் அவர் பெயரில்தான் விற்கிறது. முன்காலத்தில் டியூபின் மறுமுனையைக் கட்டிலுக்கு அடியில் திறந்த பாட்டிலில் விட்டுவிடுவார்கள். நாலே நாளில் ஏறக்குறைய எல்லா நோயாளிக்கும் சிறுநீரில் கிருமி வந்துவிடும். டியூபையும் பையையும் காற்றுப் புகாமல் ஒன்றாக இணைத்த மூடிய முறை 1960-களில் பரவிய பிறகுதான் இந்த வேகம் குறைந்தது. குறைந்ததே தவிர நிற்கவில்லை. இன்றும் டியூப் இருக்கும் ஒவ்வொரு நாளும் 100 பேரில் 3 முதல் 7 பேருக்குப் புதிதாகக் கிருமி சேர்கிறது. ஒரு மாதம் ஆனால் அநேகமாக எல்லாருக்கும்!

டியூபிலேயே மருந்து பூசிவிட்டால் என்ன? கம்பெனிகள் வெள்ளி பூசிய டியூபை விலை கூட்டி விற்றன. பிரிட்டனில் 7,102 நோயாளிகளைச் சேர்த்து நடத்திய பெரிய சோதனையின் முடிவு 2012-ல் லான்செட் பத்திரிகையில் வந்தது. குறுகிய காலத்துக்கு டியூப் போட்டவர்களில், சாதாரண டியூப்காரர்களில் 12.6 சதவீதம் பேருக்குத் தொற்று. வெள்ளி டியூப்காரர்களில் 12.5 சதவீதம்! நைட்ரோஃபியூரசோன் மருந்து ஏற்றிய டியூபில் 10.6 சதவீதம், ஆனால் அது எரிச்சல் தந்தது. வெள்ளி டியூபுக்குக் கடன் வாங்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

பெங்களூரில் ஒரு வெடி!

தங்கவயல்காரனுக்குப் பாறை வெடிப்பு என்றால் சொல்லித் தர வேண்டியதில்லை. பூமிக்குள் அழுத்தம் தாங்காமல் பாறை திடீரென்று வெடித்து, அந்த அதிர்ச்சி லைன் வீட்டுப் பாத்திரங்களை உருட்டிய நாட்கள் பலருக்கு நினைவிருக்கும். அப்படிப்பட்ட அதிர்ச்சி அலையை மிக மிகச் சிறிய அளவில் உண்டாக்கி, டியூபில் உள்ள கிருமிக் கோட்டையைத் தகர்க்க முடியுமா?

முடியும் என்று காட்டியவர்கள் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தார். டாட்டா இன்ஸ்டிடியூட் என்று நம்மவர்கள் சொல்லும் அதே இடம். நுண்ணுயிரியல் துறைப் பேராசிரியை தீப்ஷிகா சக்ரவர்த்தியும், விண்வெளிப் பொறியியல் துறைப் பேராசிரியர் ஜெகதீஷும் தங்கள் குழுவினருடன் 2015-ல் இதை வெளியிட்டார்கள். ராக்கெட்காரரும் கிருமிக்காரரும் கூட்டு! சிறுநீர் டியூபுக்குள் மூன்று வகைக் கிருமிப் படலங்களை வளர்த்து, அதிர்ச்சி அலையைச் செலுத்தியபோது படலம் பெயர்ந்து போனது. கிருமிப் படலத் தொற்று உண்டாக்கிய எலிகளுக்கு சிப்ரோஃப்ளாக்சசின் மருந்து மட்டும் கொடுத்தபோது பலனில்லை. அதிர்ச்சி அலையும் மருந்தும் சேர்ந்தபோது குணம் தெரிந்தது. கோட்டைச் சுவர் இடிந்த பிறகு மருந்து உள்ளே நுழைகிறது, அவ்வளவுதான். சிறுநீரகக் கல்லை வெளியிலிருந்தே அதிர்ச்சி அலையால் உடைப்பது 1980-ல் ஜெர்மனியில் மனிதர்களுக்குத் தொடங்கிய சிகிச்சை. நம் ஊர்களில் பலர் செய்துகொண்டிருக்கிறார்கள். பெங்களூர்ச் சோதனை டியூபிலும் எலிகளிலும் செய்தது. நாளைக்கே ஆஸ்பத்திரியில் போய் அதைக் கேட்க வேண்டாம்.

அதே நகரில் ஜக்கூரில் உள்ள ஜவஹர்லால் நேரு உயர் விஞ்ஞான ஆய்வு மையத்தில், ஜயந்த ஹல்தார் குழுவினர் கிருமி ஒட்டினால் சாகும்படியான பூச்சுகளைச் செய்துவருகிறார்கள். நமது தமிழ்நாட்டில் காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்திலும் தஞ்சை சாஸ்திராவிலும் வேறு வழி பார்க்கிறார்கள். கிருமிகள் ஒன்றுக்கொன்று ரசாயனச் சைகை காட்டித்தான் கூட்டம் சேர்கின்றன. அந்தப் பேச்சைக் கெடுத்துவிட்டால் கோட்டை எழும்பாது என்பது அவர்கள் யோசனை.

டியூபே இல்லாவிட்டால்?

ஆராய்ச்சி நடக்கட்டும். இப்போது கையில் உள்ள சிறந்த மருந்து, தேவையில்லாத டியூபை எடுத்துவிடுவதுதான். ஒட்டச் சுவரே இல்லையென்றால் கிருமி எங்கே ஒட்டும்? "இன்னும் டியூப் தேவையா, டாக்டர்?" என்று ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும். கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. ஆண்களில் சிலருக்கு வெளியே மாட்டும் உறை டியூப் போதும். அடைப்பு இருந்தால் மட்டும் அது உதவாது. படுக்கையை நனைக்கிறார், துணி துவைத்து மாளவில்லை என்பதற்காக மட்டும் டியூபை வைத்துக்கொண்டிருக்கும் வீடுகள் உண்டு. அந்தப் பெண்களின் கஷ்டம் எனக்கும் புரிகிறது. ஆனாலும் டியூபால் வரும் ஜுரம் துவைப்பதைவிடப் பெரிய கஷ்டம்.

முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. நாலு மணி, ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை தாங்களே மெல்லிய டியூபைச் செருகி, சிறுநீரை வடித்துவிட்டு, உடனே எடுத்துவிடுவது. கை சுத்தமாக இருந்தால் வீட்டிலேயே செய்யலாம் என்று 1972-ல் அமெரிக்க டாக்டர் லேப்பிடஸ் எழுதியபோது பலர் நம்பவில்லை. இன்று உலகமெங்கும் அதுதான் நடைமுறை.

நமக்குப் பக்கத்தில் வேலூர் சி.எம்.சி. இருக்கிறது. பங்காருப்பேட்டையில் ஏறி காட்பாடியில் இறங்கினால் போதும். அங்கே பாகாயத்தில் முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கான மறுவாழ்வு நிலையம் 1966-ல் திறக்கப்பட்டது. அதை உருவாக்கிய டாக்டர் மேரி வர்கீஸ், 1954-ல் கார் விபத்தில் தாமே இடுப்புக்குக் கீழ் செயல் இழந்தவர். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தவர். 1972-ல் பத்மஸ்ரீ பெற்றார். நோயாளியின் கஷ்டம் அவருக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சாரத்திலிருந்து விழுந்த மகனை மூலையில் படுக்க வைத்து, டியூபே கதி என்று இருக்கும் பெற்றோர், ஒருமுறை அங்கே போய்வருவது நல்லது.

வீட்டில் செய்ய வேண்டியது

பையைத் தொடுவதற்கு முன்பும் பின்பும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். இதில்தான் முக்கால் பாகம் காரியம் இருக்கிறது. நோயாளியும் கழுவ வேண்டும். அவர்தான் அடிக்கடி தொட்டுப் பார்ப்பவர்!

பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும். ஆனால் தரையில் படக்கூடாது. பாயில் படுக்கும் நோயாளிக்கு இது சிரமம். கயிற்றுக் கட்டிலோ பலகையோ போட்டு ஒரு முழம் உயர்த்திக்கொள்ள வேண்டும். பை முக்கால் நிறைவதற்கு முன்பே அடிக் குழாயைத் திறந்து வடித்துவிட வேண்டும். வடிக்கும் பாத்திரத்தில் குழாயின் வாய் படக்கூடாது. ஒரு வீட்டில் இரண்டு நோயாளி இருந்தால் பாத்திரம் தனித்தனி.

டியூபும் பையும் சேரும் இணைப்பைக் கழற்றிக் கழற்றி மாட்டக்கூடாது. மூடிய முறை என்பதன் உயிரே அந்த இணைப்பில்தான். டியூபைத் தொடையோடு பிளாஸ்திரி போட்டு, இழுபடாமல் ஒட்டிவைக்க வேண்டும். தினமும் குளிக்கும்போது, டியூப் நுழையும் இடத்தைச் சாதாரண சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவினால் போதும். டெட்டால், மஞ்சள், களிம்பு எதுவும் வேண்டாம். உள்ளே பலூன் இருப்பதால், டியூபை யாரும் பிடித்து இழுக்கவே கூடாது. இருதயம், சிறுநீரகக் கோளாறு இல்லாதவர்கள் தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம்.

இன்னொன்று. சிறுநீர் டெஸ்டில் 'கிருமி இருக்கிறது' என்று வந்த உடனே மெடிக்கல் ஷாப்புக்கு ஓடி மாத்திரை வாங்கக்கூடாது. மாதக் கணக்கில் டியூப் உள்ளவருக்குக் கிருமி இருக்கத்தான் செய்யும். ஜுரம், குளிர் நடுக்கம், விலாவில் வலி, திடீரென்று பிதற்றல் என்று ஏதாவது இருந்தால்தான் பெரும்பாலும் மருந்து தேவை. அப்போதும் பழைய டியூபை மாற்றி, புதிய டியூபிலிருந்து எடுத்த சிறுநீரைத்தான் டெஸ்டுக்கு அனுப்ப வேண்டும். பழைய டியூபில் எடுத்தால் படலத்தில் உள்ளதெல்லாம் வரும். எது உண்மையான எதிரி என்று டாக்டருக்கே தெரியாது. வீண் மாத்திரையால் கிருமி பழகிப்போகிறது. 26 இந்திய ஆஸ்பத்திரிகளின் 89 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் எடுத்த கணக்கு 2022-ல் வெளியானது. கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் ஊசி மருந்துகளுக்கும் பல கிருமிகள் அடங்கவில்லை என்று அதில் கண்டார்கள்.

ரத்தக் குழாயில் போடும் டியூபுக்கும் இதே கதைதான். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் 103 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் புது மருந்து எதுவும் தராமல், கை கழுவுதல், கிருமி நீக்கிய அங்கியும் விரிப்பும், தோலைக் குளோர்ஹெக்சிடினால் துடைத்தல், தொடையில் போடாமல் தவிர்த்தல், தேவை தீர்ந்ததும் எடுத்தல் ஆகிய ஐந்தை மட்டும் பட்டியல் போட்டுக் கடைப்பிடித்தார்கள். தொற்று 66 சதவீதம்வரை குறைந்தது என்று 2006-ல் வெளியிட்டார்கள். டயாலிசிஸுக்காகக் கழுத்தில் டியூப் போட்டவர்கள், கையில் ரத்தக் குழாய்களை இணைக்கும் சிறு ஆபரேஷனைத் தள்ளிப்போடாமல் செய்துகொள்வது நல்லது.

ரயிலில் போகும்போது

ரயிலில் நான் அடிக்கடி பார்ப்பது இது. வெட்கப்பட்டுப் பையைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொள்கிறார்கள். சிலர் சாமான் தட்டில்கூட வைக்கிறார்கள்! பையில் உள்ளது திரும்பவும் உள்ளே ஓட இதைவிடச் சுலபமான வழி கிடையாது. ஏறுவதற்கு முன்பே பையைக் காலி செய்துவிட்டு, தொடையிலோ கெண்டைக்காலிலோ கட்டும் சிறு பையை மாட்டிக்கொண்டால், வேட்டிக்குள் யாருக்கும் தெரியாது. அது கிடைக்காவிட்டால் பையை முழங்காலுக்குக் கீழே, இருக்கைக் கம்பியில் துணிக் கயிறால் கட்டித் தொங்கவிட வேண்டும். கீழ்ப் படுக்கை கேட்டு முன்பதிவு செய்வது நல்லது.

டியூப் போட்டவருக்கு டிக்கெட்டில் சலுகை உண்டா என்று கவுன்டரில் கேட்கிறார்கள். டியூபுக்கு என்று தனிச் சலுகை கிடையாது. ஆனால் டயாலிசிஸுக்குப் போகும் சிறுநீரக நோயாளிக்கு உண்டு. துணையில்லாமல் பயணம் செய்ய முடியாத, கை கால் ஊனமுற்றவர்களுக்கும் உண்டு. கூடப் போகும் ஒருவருக்கும் கிடைக்கும். முதுகுத்தண்டு அடிபட்ட அந்த இளைஞர்கள் பலர் இதில் வருவார்கள். ரயில்வே கேட்கும் படிவத்தில் அரசு டாக்டரின் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி, டிக்கெட் எடுக்கும் முன்பே கவுன்டரில் காட்ட வேண்டும்.